ஆன் செய்தால் என்ன ஆகும்?



மே மாதம் முழுக்க வெயிலையும் சுற்றுலாவையும் பற்றி எழுதுகிற நீங்கள், ஜூன் பிறந்ததும் கம்ப்யூட்டரையும் செல்போனையும் பற்றி எழுத ஆரம்பித்துவிடுகிறீர்கள். பிள்ளைகள் விடுமுறையை எப்படிக் கழித்தார்கள் என்று உங்கள் கடிதங்களை வைத்தே சொல்லிவிடலாம். இந்த முறை பல கடிதங்களில் ஒரே குறை. ஆயிரக்கணக்கில் பணம் கொடுத்து கேம் வாங்கினோம், பெட்டியைப் பிரித்தால் ஒரு டிஸ்க், கூடவே ஒரு எச்சரிக்கைச் சீட்டு, அவ்வளவுதான். எப்படி விளையாடுவது என்று ஒரு வரி இல்லை என்கிறார் ஒரு அப்பா. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் பேத்தியோடு சேர்ந்து விளையாட உட்கார்ந்திருக்கிறார். செட்டிங்ஸ் பக்கத்தைத் திறந்தால் மேலிருந்து கீழ்வரை பெயர்கள். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஆன், ஆஃப், லோ, ஹை, அல்ட்ரா. எதைத் தொட்டால் எது மாறும் என்று எங்கும் இல்லை. வடகம் போடுகிற குறிப்பில்கூட எத்தனை நாள் வெயிலில் காய வேண்டும் என்று எழுதியிருப்பார்களே என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி, டீச்சர். இந்த மாதம் இந்தப் பக்கத்தை அதற்கே ஒதுக்கிவிட்டேன்.

வீடியோ கேமுக்கு விளக்கம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கு இன்றைக்கு நேற்றைக்கு வந்ததல்ல. 1971இல் நோலன் புஷ்னெல், டெட் டாப்னி என்ற இரு அமெரிக்கர்கள் ‘கம்ப்யூட்டர் ஸ்பேஸ்’ என்ற காசு போட்டு ஆடும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் விதிகளைப் படித்துப் புரிந்துகொள்ளவே பொறுமை வேண்டியிருந்தது. எதிர்பார்த்த அளவு ஓடவில்லை. மறு வருடம் அவர்களுடைய அட்டாரி நிறுவனம் ‘பாங்’ விளையாட்டை கலிபோர்னியாவின் சன்னிவேல் நகரில் ஒரு மதுக்கடையில் வைத்தது. காசைப் போடு, பந்து தானாக வரும், தவறவிடாதே: அதற்கு இவ்வளவுதான் விளக்கம். கையில் கோப்பையோடு நிற்கிறவருக்கும் புரிந்தது. கூட்டம் அலைமோதியது.

விளையாட்டு வீட்டுக்குள் வந்தபோதுதான் கையேடு, அதாவது மேனுவல், அவசியமானது. அன்றைய கேம்களின் நினைவகம் மிகச் சிறியது; திரையில் விளக்கம் எழுத இடம் கிடையாது. சொல்ல வேண்டியதெல்லாம் பெட்டிக்குள் இருந்த சிறு புத்தகத்தில்தான் இருந்தது. அதைப் படிக்காமல் ஆடினால் என்ன ஆகும் என்பதற்கு 1982இல் அட்டாரி வெளியிட்ட ‘ஈ.டி.’ நல்ல சாட்சி. ஐந்தே வாரத்தில் அவசரமாக எழுதப்பட்ட கேம் அது. திரையின் உச்சியில் மாறிக்கொண்டே இருக்கும் குறிகள் எதைச் சொல்கின்றன என்பது மேனுவலில் இருந்தது. அதைப் புரட்டாத குழந்தைகள் குழிக்குள் விழுந்து, ஏறி, மறுபடி விழுந்து, கடைசியில் கேமையே தூக்கிப் போட்டார்கள். விற்காத பிரதிகளில் ஒரு பகுதி நியூ மெக்சிகோ மாநிலத்தில் மண்ணில் புதைக்கப்பட்டு, 2014இல் தோண்டியெடுக்கப்பட்டது. கேமின் தோல்விக்கு வேறு காரணங்களும் உண்டு. ஆனாலும் புத்தகத்தை நம்பி விளையாட்டைச் செய்வது எவ்வளவு ஆபத்து என்று அது காட்டிவிட்டது.

மேனுவல் எழுதுவதே ஒரு கலையாக இருந்த காலமும் உண்டு. 1989இல் வந்த ‘சிம்சிட்டி’யின் கையேட்டில், பொத்தான்களைப் பற்றிய விளக்கத்தோடு நகரங்களின் வரலாறு குறித்து ஒரு கட்டுரையே இருந்தது. 1998இல் வந்த ‘ஃபால்கன் 4.0’ என்ற போர்விமான கேமின் மேனுவல் கிட்டத்தட்ட அறுநூறு பக்கம். வளையம் போட்ட கோப்பில் வந்தது. தலையணை உயரம் இருந்தாலும் அந்த கேமை வாங்கியவர்கள் அதைக் குறை சொல்லவில்லை, கொண்டாடினார்கள்.

கள்ளப் பிரதியைத் தடுக்கவும் இந்தப் புத்தகங்கள் பயன்பட்டன. நம்மில் பலர் கம்ப்யூட்டர் சென்டரில் ஆடிய ‘பிரின்ஸ் ஆஃப் பெர்ஷியா’வின் டாஸ் பதிப்பில், முதல் கட்டம் முடிந்ததும் ஓர் அறை வரும். தரையெல்லாம் குப்பிகள், ஒவ்வொன்றின் மேலும் ஓர் எழுத்து. கையேட்டின் இந்தப் பக்கத்தில் இந்த வரியில் இந்தச் சொல்லின் முதல் எழுத்து எது என்று கேட்கும். சரியான குப்பியைக் குடிக்க வேண்டும். நம் ஊரில் அந்த மேனுவலைக் கண்ணால் பார்த்தவர் எத்தனை பேர்? ஃப்ளாப்பியில் கைமாறி வந்த கேமோடு ‘மெகாஹிட்’ என்று தட்டச்சு செய்தால் கட்டம் தாண்டலாம் என்ற ரகசியமும் கைமாறி வந்தது. டிவியில் செருகி ஆடிய கேட்ரிட்ஜ்களும் அப்படித்தான். ‘9999 இன் 1’ என்று அட்டையில் போட்டிருக்கும், உள்ளே ஒரு துண்டுக் காகிதம் இருக்காது. ஆனாலும் ‘கான்ட்ரா’வில் முப்பது உயிர் வாங்க மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்று அமுக்க வேண்டும் என்பது தெருவுக்கே தெரிந்திருந்தது. அதைக் கண்டுபிடித்தவர் கொனாமி நிறுவனத்தின் கஸுஹிஸா ஹஷிமோட்டோ; ‘கிரேடியஸ்’ என்ற வேறொரு கேமைச் சோதித்துப் பார்ப்பது கஷ்டமாக இருந்ததால் தன் வசதிக்காகப் போட்டது. நமக்கு அவர் பெயர் தெரியாது. பக்கத்து வீட்டு அண்ணன்தான் மேனுவல்.

அமெரிக்காவில் அந்தப் புத்தகத்துக்கு இருந்த மதிப்பைப் பாருங்கள். கேம்களை வாடகைக்கு விட்ட ‘பிளாக்பஸ்டர்’ கடைகள் மேனுவலை ஜெராக்ஸ் எடுத்துக் கூடக் கொடுத்தன. காப்புரிமையை மீறுவதாக 1989இல் நின்டெண்டோ வழக்குப் போட்டது. கேமை வாடகைக்கு விடுவதைச் சட்டத்தால் நிறுத்த முடியவில்லை. அதனால் புத்தகத்தைப் பிடித்துக்கொண்டார்கள். அடுத்த வருடமே அதே நின்டெண்டோவின் ‘ஸ்டார்டிராபிக்ஸ்’ வந்தது. பெட்டியில் ஒரு கடிதம் இருக்கும். அதைத் தண்ணீரில் நனைத்தால்தான் 747 என்ற எண் தெரியும். அந்த எண் இல்லாமல் கேமில் மேலே போக முடியாது. வாடகைக்கும் இரண்டாம் கையாகவும் எடுத்தவர்கள் அந்த இடத்தில் விழி பிதுங்கி நின்றார்கள்.

அப்படி வழக்குப் போட்டுக் காத்த புத்தகம் பிறகு எங்கே போனது? 2010 ஏப்ரலில் யுபிசாஃப்ட் நிறுவனம், பிளேஸ்டேஷன் 3, எக்ஸ்பாக்ஸ் 360 கேம்களில் இனி அச்சு மேனுவல் கிடையாது, திரையிலேயே பார்த்துக்கொள்ளலாம் என்று அறிவித்தது. மரங்களைக் காப்பாற்றுகிறோம் என்று காரணம் சொன்னார்கள். அச்சுச் செலவும் மிச்சம் என்பதை நாம் சேர்த்துக்கொள்ளலாம். மற்ற நிறுவனங்களும் அதே வழியில் போயின. அவர்கள் பக்கத்திலும் நியாயம் இல்லாமல் இல்லை. கேம் வெளிவந்த பிறகும் அப்டேட் வந்துகொண்டே இருக்கிறது. இன்று அச்சிட்டது அடுத்த மாதம் பொய்யாகிவிடும். டவுன்லோடு செய்து வாங்குகிறவருக்குப் பெட்டியே கிடையாது. இவையெல்லாம் காகிதத்தை நிறுத்தியதற்கான காரணங்கள். விளக்கத்தையே நிறுத்தியதற்கு இவற்றில் ஒன்றும் காரணமாகாது. வலிப்பு நோய் எச்சரிக்கைச் சீட்டு மட்டும் பெட்டியில் தங்கிவிட்டதைக் கவனித்தீர்களா? வழக்கு வந்தால் பதில் சொல்ல வேண்டிய காகிதத்துக்கு எப்போதும் இடம் இருக்கிறது.

விளக்கத்தைத் தனியாக விற்ற கதையும் உண்டு. ‘ஃபைனல் ஃபேன்டசி 9’ விளையாட்டுக்கு அதிகாரபூர்வமான வழிகாட்டி என்று ஒரு புத்தகம் வந்தது. காசு கொடுத்து வாங்கிப் பிரித்தால், முக்கியமான இடத்தில் எல்லாம் மேலும் விவரத்துக்கு எங்கள் இணையதளத்தைப் பாருங்கள் என்று இருந்தது. வாங்கியவர்கள் இன்றும் அதை மறக்கவில்லை.

இங்கே இரண்டு விஷயங்களைப் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். கேம் தன் உலகத்தைப் பற்றி மௌனமாக இருக்கலாம், அது சுவை. ‘சூப்பர் மரியோ’வின் முதல் காட்சியில் வலப்பக்கம் இடம் விட்டு, எதிரே ஒரு காளான் பூதத்தை அனுப்பி, குதி என்று சொல்லாமலே குதிக்க வைத்துவிடுவார்கள். 2022இல் வந்த ‘டியூனிக்’ இன்னும் ஒரு படி மேலே போனது. அதில் தொலைந்துபோன மேனுவலின் பக்கங்களைத்தான் கேமுக்குள் ஒவ்வொன்றாகப் பொறுக்க வேண்டும். பெரும்பாலான வரிகள் கற்பனையான ஒரு லிபியில் இருக்கும். படத்தையும் கோட்டையும் வைத்து ஊகித்தால், தொடக்கத்திலிருந்தே நம்மால் செய்ய முடிந்த காரியங்கள் பல இருந்தது அப்போதுதான் தெரியவரும். பழைய மேனுவல்களை நேசித்த ஒருவரால்தான் அப்படி ஒரு கேமைச் செய்திருக்க முடியும். ‘மைன்கிராஃப்ட்’ முழுமையாக வெளிவந்த 2011இல் எந்தப் பொருளை எப்படிச் செய்வது என்று கேமுக்குள் பட்டியல் கிடையாது; அது 2017இல்தான் வந்தது. அதுவரை குழந்தைகள் ஒருவருக்கொருவர் சொல்லிக் கொடுத்தே ஊர் ஊராகக் கட்டினார்கள். இதிலெல்லாம் எனக்குப் புகார் இல்லை.

செட்டிங்ஸ் கதை வேறு. அங்கே மறைத்து வைப்பதில் சுவையும் இல்லை, சவாலும் இல்லை. ‘வி-சிங்க்’ என்று மொட்டையாக எழுதியிருக்கும். சாதாரணத் திரை நொடிக்கு 60 முறை படத்தைப் புதுப்பிக்கிறது. படத்தை உருவாக்கும் கிராஃபிக்ஸ் கார்டு அந்தத் தாளத்துக்கு ஒத்துப்போகாமல் படம் அனுப்பினால், பாதித் திரையில் பழைய படமும் பாதியில் புதிய படமுமாக நடுவில் கிழிந்ததுபோல் தெரியும். வி-சிங்க் ஆன் செய்தால் திரை தயாராகும்வரை கார்டு காத்திருக்கும், கிழிசல் போய்விடும். விலையாக, பொத்தானை அமுக்கியதற்கும் திரையில் அசைவதற்கும் நடுவே சிறு தாமதம் சேரும். நிதானமான சாகச கேமுக்கு ஆன், சுடுகிற போட்டிக்குப் பலர் ஆஃப். இதை எழுத ஒரு பத்தி போதும். எழுத மனம்தான் இல்லை.

‘டெக்ஸ்சர்’ என்பது சுவர், துணி, தோல் மேல் ஒட்டும் படங்களின் தரம். கிராஃபிக்ஸ் கார்டின் நினைவகத்தில் இடம் இருக்கும்வரை இதைத் தாராளமாக ஏற்றலாம், வேகம் அதிகம் குறையாது. இடம் தீர்ந்தால் ஆட்டம் திக்கித் திக்கி ஓடும். நிழல்களின் தரம் பெரும்பாலான கேம்களில் கார்டை நன்றாக வேலை வாங்கும். ஆட்டம் மெதுவாக ஓடினால் முதலில் அதைத்தான் ஒரு படி இறக்கிப் பார்க்க வேண்டும். ‘அனிசோட்ரோபிக் ஃபில்டரிங்’ என்று வாயில் நுழையாத ஒன்று இருக்கிறதே, அது தூரத்தில் சாய்வாகத் தெரியும் சாலையும் தரையும் மங்காமல் பார்த்துக்கொள்கிறது. இன்றைய கார்டுகளுக்கு அது பாரமே இல்லை, 16 என்று வைத்துவிட்டு மறந்துவிடலாம். பெயரைப் பார்த்து பயந்து பலர் அதைத் தொடுவதே இல்லை.

ஆசிரியை இன்னொன்றும் எழுதியிருந்தார்: சிறிது நேரம் ஆடினாலே தலை சுற்றுகிறதாம். வயது காரணம் இல்லை, டீச்சர், இளைஞர்களுக்கும் வருவதுதான். ‘ஃபீல்ட் ஆஃப் வியூ’ என்ற பார்வைக் கோணம் குறுகலாக வைக்கப்பட்டிருந்தால், திரைக்கு அருகில் உட்காருபவர்களில் சிலருக்குக் குமட்டும். கோணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாக அகலமாக்குங்கள். ‘மோஷன் பிளர்’, ‘கேமரா ஷேக்’ இரண்டையும் ஆஃப் செய்யுங்கள். பலருக்கு இதிலேயே சரியாகிவிடுகிறது. டிவியில் ஆடுபவர்கள் டிவியின் மெனுவில் ‘கேம் மோட்’ இருந்தால் போட்டுவிடுங்கள்; படத்தை மெருகேற்ற டிவி எடுத்துக்கொள்ளும் நேரம் மிச்சமாகும்.

நம் ஊரில் பெரும்பாலான பிள்ளைகளின் ஆட்டம் செல்போனில்தான். பிஜிஎம்ஐ போன்ற சுடும் கேம்களில் சென்சிடிவிட்டி பக்கத்தைத் திறந்தால் ஒவ்வொரு ஸ்கோப்புக்கும் ஒரு அளவுகோல், கேமராவுக்குத் தனி, ஜைரோஸ்கோப்புக்குத் தனி. போனையே சாய்த்துக் குறி பார்ப்பதுதான் ஜைரோஸ்கோப் என்பதை நம் வீட்டுப் பெரியவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. பிள்ளை போனை ஆட்டுவதைப் பார்த்து அடங்கி உட்கார் என்று அதட்டுகிறோம். பிள்ளைகளோ யூடியூபில் யாரோ கொடுத்த சென்சிடிவிட்டி குறியீட்டை அப்படியே போட்டுக்கொள்கிறார்கள். அவருடைய போனின் அகலம் வேறு, விரல் வேறு, பழக்கம் வேறு. ஒவ்வோர் அளவும் எதற்கு என்று தெரிந்தால் தங்களுக்கு ஏற்றதைத் தாங்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அந்த வாய்ப்பைத்தான் விளக்கமில்லாத பக்கம் பறிக்கிறது.

முடியாத காரியம் ஒன்றும் இல்லை இது. 2019இல் புதிதாகச் செய்யப்பட்ட ‘ரெசிடெண்ட் ஈவில் 2’, ஒரு செட்டிங்கை மாற்றினால் படம் எப்படி மாறும் என்று பக்கத்திலேயே மாதிரி காட்டியது. நினைவகம் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு பட்டையும் போட்டது. 2020இன் ‘தி லாஸ்ட் ஆஃப் அஸ் 2’ கண் பார்வை, செவித்திறன், கை அசைவு குறைந்தவர்களுக்காக அறுபதுக்கும் மேற்பட்ட வசதிகளை வைத்து, ஒவ்வொன்றும் என்ன செய்யும் என்று எழுதியும் வைத்தது. மொழி விஷயத்தில் மைன்கிராஃப்ட்டின் ஜாவா பதிப்பைப் பாராட்ட வேண்டும். மொழிப் பட்டியலில் தமிழ் இருக்கிறது. தன்னார்வலர்கள் உட்கார்ந்து மொழிபெயர்த்தது. வீட்டில் அந்த கேம் இருந்தால் இன்றே மாற்றிப் பாருங்கள். சில சொற்கள் சிரிப்பு மூட்டும், இருக்கட்டும்.

அடுத்த இதழிலிருந்து நடுவில் நான்கு பக்கங்களைப் பிரித்தெடுத்து வைத்துக்கொள்ளும்படி அச்சிடப் போகிறோம். முதல் மாதம் செல்போன் கேம்களின் செட்டிங்ஸ், அதற்கடுத்து லேப்டாப், பிறகு டிவியில் இணைக்கும் கருவிகள். உங்களுக்குப் புரியாத செட்டிங்ஸ் பக்கத்தைப் படமெடுத்து அனுப்புங்கள். கேமின் பெயரையும் உங்கள் கருவியின் மாடலையும் மறக்காமல் எழுதுங்கள், அது இல்லாமல் பதில் சொல்ல முடியாது. பரணில் பழைய கேம் மேனுவல் எதுவும் கிடந்தால் அதையும் படமெடுத்து அனுப்பலாம்; நல்லவற்றை வெளியிடுவோம். அசலைத் தபாலில் போட்டுவிடாதீர்கள், உங்களிடமே இருக்கட்டும்.

அன்புடன்,
ஆசிரியர்