எந்தத் தராசில் நிறுக்கிறார்கள்?

பண்பாடுகள் வேரிலேயே வேறுபட்டவை. ஒரு கூட்டத்தார் உயர்வெனப் போற்றுவது மற்றொரு கூட்டத்தாருக்கு விளங்கவே மாட்டாது. ஆகவே இருவரும் ஒரு நாள் மோதியே தீருவர் என்றொரு கொள்கை கற்றோர் அவைகளில் நெடுநாளாக உலவி வருகிறது. அமெரிக்கப் பேராசிரியர் ஸாமுவேல் ஹன்டிங்டன் 1993இல் கட்டுரையாகவும் 1996இல் நூலாகவும் எழுதி இதனை நிலைநாட்ட முயன்றார். உலகத்தை நாகரிகங்களாகக் கூறுபோட்டு, இஸ்லாத்தை ஒரு கூறாகவும் மேற்கை ஒரு கூறாகவும் எதிரெதிரே நிறுத்தினார். அவருடைய நூலின் ஓர் ஏட்டையும் புரட்டாதவர்கள் கூட இன்று அவருடைய சொற்களையே பேசுகிறார்கள்.

அது குறித்து நமக்குப் பெரிய வியப்பில்லை. நமது மேடைகளிலும் அதே கொள்கை தலைப்பாகை கட்டி அமர்ந்திருப்பதுதான் நம்மை உறுத்துகிறது. மேற்கில் உள்ளவை யாவும் உடலின்பம், கிழக்கில் உள்ளவை யாவும் ஆன்மிகம். அவர்களுக்குத் தாயுமில்லை தந்தையுமில்லை, முதியோர் இல்லம் ஒன்றே உண்டு. நமக்கோ குடும்பமே உயிர் என்று முழங்குகிற நாவலரைக் கேளுங்கள். அவரும் ஹன்டிங்டனும் ஒரே உஸ்தாதிடம் ஓதியவர்களைப் போலன்றோ பேசுகிறார்கள்! ஒருவர் அக்கரையிலிருந்து கல்லெறிகிறார். மற்றவர் இக்கரையிலிருந்து எறிகிறார். ஆற்றில் இறங்கி ஆழம் பார்த்தவர் இருவரில் எவருமிலர்.

வேறுபாடே இல்லையென்று சாதிக்க நாம் வரவில்லை. எல்லாச் சமயமும் ஒன்றே, எல்லா வாழ்வும் ஒன்றே என்று சொல்லிக் கைகுலுக்கிக் கலைந்து போகும் சமரசக் கூட்டங்களிலும் நமக்கு நம்பிக்கையில்லை. மறுமையை நம்பி வாழ்பவனுடைய நாளும், நம்பாதவனுடைய நாளும் ஒன்றாயிருக்க முடியாது. பிறப்பினால் ஒருவன் உயர்ந்தவன் என்று கருதும் சமுதாயமும், இறையச்சத்தால் மட்டுமே உயர்வு என்று கருதும் சமுதாயமும் ஒரே வீட்டைக் கட்ட மாட்டா. வேறுபாடு உண்டு. அதனை அறிந்து சொல்கிறவர் யார், எந்தத் தராசில் நிறுத்துச் சொல்கிறார் என்பதே நமது வினா.

இக்காலத்தவர் கையில் வைத்திருக்கும் தராசைச் சற்று எடுத்துப் பார்ப்போம். ஹாலந்து நாட்டறிஞர் கீர்ட் ஹாப்ஸ்டீடு 1980இல் ஒரு பெருநூல் வெளியிட்டார். 1967 முதல் 1973 வரை ஐ.பி.எம். என்னும் ஒரே வணிக நிறுவனத்தின் ஊழியர்களிடம் வினாத்தாள் கொடுத்துப் பெற்ற விடைகளே அதற்கு அடிப்படை. அவ்விடைகளைக் கொண்டு ஒவ்வொரு நாட்டுக்கும் மதிப்பெண் இட்டார்: தனிமனிதப் பற்று இவ்வளவு, மேலோர்க்கு அடங்கும் இயல்பு இவ்வளவு என்று. பின்னர் அவர் வெளியிட்ட பட்டியலில் எகிப்து, ஈராக், குவைத், லெபனான், லிபியா, ஸஊதி அரேபியா, ஐக்கிய அமீரகம் ஆகிய ஏழு நாடுகளும் சேர்ந்து ‘அரபு நாடுகள்’ என்ற ஒரே வரியில் ஒரே மதிப்பெண் பெற்றன. பெய்ரூத் நகரத்துக் கிறிஸ்தவ வணிகரும், நஜ்து பாலைவனத்துப் பதவியரும், நைல் நதிக்கரை உழவரும் ஒரே எண்ணுக்குள் அடங்கிவிட்டனர். இம்மதிப்பெண் நாடுகளுக்கேயன்றித் தனிமனிதர்களுக்குப் பொருந்தாது என்று ஹாப்ஸ்டீடே எச்சரித்திருக்கிறார். அந்நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆனால் எச்சரிக்கையை யார் படிக்கிறார்கள்? எண்ணை மட்டுமே எடுத்துக்கொண்டு ஓடுகிறார்கள்.

1981 முதல் நடைபெற்று வரும் உலக விழுமிய ஆய்வின் கதையும் ஏறத்தாழ இதுவே. அதன் முடிவுகளைக் கொண்டு இங்கிள்ஹார்ட், வெல்ஸல் என்னும் இருவர் வரைந்த படத்தில் நாடுகள் புள்ளிகளாக நிற்கின்றன. புள்ளிகளைச் சுற்றி வளையங்கள். அவற்றுள் ஒரு வளையத்தின் பெயர் ‘ஆப்பிரிக்க இஸ்லாமிய’ வட்டாரம். கிறிஸ்தவர் பெரும்பான்மையராக வாழும் ஸிம்பாப்வேயும், காலமெல்லாம் மாலிகி மத்ஹபில் ஊறிய மொராக்கோவும் அதன் சில பதிப்புகளில் ஒரே வளையத்துக்குள் இருக்கின்றன. இந்தியாவுக்கோ ஒரே புள்ளி. காஷ்மீரத்தானும் காயல்பட்டினத்தானும் அப்புள்ளிக்குள் எங்கே நிற்கிறார்கள் என்று தேடுவோர் பூதக்கண்ணாடி கொண்டு வரட்டும்.

‘இஸ்லாமிய உலகு’ என்று இவர்கள் ஒரே சொல்லால் அழைப்பது ஒரே கையை உயர்த்துமா? 1948 டிசம்பர் 10ஆம் நாள் பாரிஸ் நகரில் ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பிரகடனத்தை வாக்குக்கு விட்டது. ஆதரவு 48, எதிர்ப்பு எவருமில்லை, வாக்களியாது ஒதுங்கியவை 8 நாடுகள். எகிப்து, சிரியா, ஈராக், ஈரான், துருக்கி, ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான் ஆகியவை ஆதரித்தன. மதம் மாறும் உரிமை குறித்தும் திருமணம் குறித்தும் மறுப்புக் கொண்டிருந்த ஸஊதி அரேபியா ஒதுங்கியது. அதனோடு ஒதுங்கியவர்கள் யாவர்? இறைமறுப்பை அரசியலாக்கிய சோவியத் ஒன்றியமும் அதன் தோழமை நாடுகளும், வெள்ளையர் ஆட்சி செய்த தென்னாப்பிரிக்காவும்! நாகரிகக் கோட்டை எங்கே இழுத்தால் இந்த எட்டும் ஒரே பக்கம் விழும்?

இனி, நம் முன்னோருள் ஒருவர் பிடித்த தராசைக் காண்போம். கவாரிஸ்மில் 973இல் பிறந்த அபூரைஹான் அல்பீரூனி (ரஹ்) தாமே விரும்பிக் கஸ்னிக்கு வந்தவரல்லர். 1017இல் கவாரிஸ்மை வென்ற சுல்தான் மஹ்மூது கொண்டுவந்து சேர்த்தவர். அந்தச் சுல்தான் வாளோடு நுழைந்த நாட்டுக்குள் இவர் எழுதுகோலோடு நுழைந்தார். வயது முதிர்ந்தபின் வடமொழி கற்றார். பதஞ்சலியின் யோக நூலை அரபியில் ஆக்கினார். யூக்ளிடின் வடிவக் கணிதத்தை இந்தியருக்காக வடமொழியில் பெயர்க்கவும் முயன்றார். 1030ஐ ஒட்டி, எண்பது அத்தியாயங்கள் கொண்ட ‘கிதாபுல் ஹிந்து’ என்னும் நூலை முடித்தார். ஜெர்மானிய அறிஞர் ஸகாவ் 1887இல் அதன் அரபு மூலத்தை அச்சேற்றினார்.

அந்நூல் பிறந்த கதை கேட்கத் தக்கது. அபூஸஹ்ல் திஃப்லீஸி என்னும் பெரியாரை அல்பீரூனி சந்தித்தபோது, அவர் ஒரு நூலாசிரியரைக் கடிந்து பேசிக்கொண்டிருந்தார். அந்த ஆசிரியர் முஃதஸிலாக்களின் கொள்கையைத் திரித்து எழுதியிருந்தார். அல்லாஹ் தன் தாத்தினாலேயே அறிகிறான் என்பது அவர்களுடைய கூற்று. அதனை, அல்லாஹ்வுக்கு அறிவே இல்லையென்று அவர்கள் சொல்வதாக அவர் ஆக்கிவிட்டார். தம்மவருக்குள்ளேயே மாற்றுக் கொள்கையினரை இப்படித் திரிக்கிறார்களென்றால், பிற சமயத்தாரைக் குறித்து எழுதுகையில் எவ்வளவு திரிப்பார்கள் என்ற வினா அங்கே எழுந்தது. இந்துக்களைப் பற்றி அதுவரை வந்தவற்றுள் பெரும்பாலானவை கேள்விப்பட்டதைக் கேள்விப்பட்டவாறே அடுக்கியவை என்று கண்டனர். உள்ளதை உள்ளபடி எழுதுமாறு அபூஸஹ்ல் வேண்டவே அல்பீரூனி எழுதினார். முஃதஸிலாக்களை மறுப்பவரும் அவர்களுடைய சொல்லை அவர்களுடைய பொருளிலேயே முதலில் எடுத்துரைக்க வேண்டும் என்பதே அப்பெரியாரின் கோபத்துக்கு அடிப்படை. இன்று நம்முள் ஒரு ஜமாஅத்தார் இன்னொரு ஜமாஅத்தாரைப் பற்றி அச்சிடும் துண்டுப் பிரசுரங்களை அவர் கண்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

வேறுபாட்டை அல்பீரூனி மறைக்கவில்லை. முதல் அத்தியாயமே வேறுபாடுகளைப் பற்றியதுதான். மொழி எட்டாதது, சமயம் முற்றிலும் வேறு, உடையும் நடையும் வேறு, நம்முடைய பெயரைச் சொல்லிக் குழந்தைகளை அச்சுறுத்தும் அளவுக்கு வேறு என்கிறார். தம் நாட்டைப் போன்ற நாடில்லை, தம் கல்வியைப் போன்ற கல்வியில்லை என்னும் இந்துக்களின் செருக்கையும் கடுமையாகவே சாடுகிறார். ஆனால் அத்துடன் நிற்கவில்லை. நாட்டின் செழிப்பை மஹ்மூதின் படையெடுப்புகள் பாழாக்கியதும் அவர்களுடைய வெறுப்புக்கு ஒரு காரணம் என்று, அந்தச் சுல்தானின் தலைநகரில் இருந்துகொண்டே எழுதுகிறார். அயலாரை இழிவாக எண்ணுவது இந்துக்களிடம் மட்டுமன்று, நம்மிடமும் உண்டு, எல்லாச் சமுதாயத்தாரிடமும் உண்டு என்று நீதி வழுவாது ஒப்புகிறார். அவர்களுடைய விந்தையான வழக்கங்களை விவரித்த இடத்தில், ஜாஹிலிய்யாக் காலத்து அரபிகள் செய்த இழிசெயல்களை நினைவூட்டுகிறார். இந்துக்களுள் கற்றோர் இறைவனைப் பற்றிக் கொண்ட எண்ணம் வேறு, பாமரர் கொண்ட எண்ணம் வேறு என்று பிரித்துக் காட்டி, இப்பிரிவு எல்லா மக்களிடமும் உள்ளதே என்கிறார். ‘இந்தியா’ என்று ஒரே புள்ளி வைத்துவிட்டுப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள்.

ஒன்பதாம் அத்தியாயம் சாதியைப் பற்றியது. இறையச்சம் ஒன்றைத் தவிர மனிதர் யாவரும் சமம் என்பது நமது நிலை, அவர்களுடைய நிலை இதற்கு நேர்மாறு. இவ்விரு கூட்டத்தாரும் நெருங்குவதற்கு மிகப் பெரிய தடை இதுவே என்று அங்கே எழுதுகிறார். விழுமிய வேறுபாடு என்றால் இதுவல்லவா விழுமிய வேறுபாடு! கூறியது கூறியபடி நாம் ஏற்கிறோம். ஏற்றுவிட்டு நமது ஊர்களைப் பார்க்கிறோம். ராவுத்தர் வீட்டுப் பெண்ணை மரைக்காயர் வீட்டில் எடுப்பார்களா? லெப்பை வீட்டுப் பிள்ளைக்கு மற்றவர் பெண் கொடுக்க எத்தனை பேர் தயங்குகிறார்கள்? ஒரே ஸஃப்பில் தோளோடு தோள் நின்று தொழுதவர்கள், நிக்காஹ் என்றதும் ஏன் தனித்தனி வாசலைத் தேடுகிறார்கள்? ஒரு கூட்டம் ஷாஃபிஈ, மற்றது ஹனஃபி என்று மத்ஹபைக் காட்டுவோரும் உளர். மத்ஹபு நிக்காஹைத் தடுக்கிறதென்று எந்தக் கிதாபிலும் நாம் ஓதியதில்லை.

கைக்கூலியின் நிலை இதைவிடக் கேடானது. மணமகன் மஹர் கொடுக்க வேண்டும் என்பது சூரத்துன்னிஸாவில் தெளிவாக உள்ள கட்டளை. நாம் அதனைத் தலைகீழாக்கி, பெண்ணைப் பெற்றவனிடம் ரொக்கமும் நகையும் வாங்கிக்கொண்டு, அதிலொரு சிறு தொகையை மஹர் என்று தஃப்தரில் எழுதுகிறோம். கேட்டால், இது ‘நம்ம பண்பாடு’ என்கிறார்கள்! மேற்கத்தியர் மீது எறிய ஒரு பண்பாடு, பெண்ணைப் பெற்றவரிடம் பறிக்க ஒரு பண்பாடு. அயலார் ஒருவர் வந்து, இஸ்லாமியப் பண்பாட்டில் மணப்பெண்ணின் தந்தை மணமகனுக்கு விலை கொடுக்கிறார் என்று எழுதிவிட்டால் நாம் கொதித்தெழுவோம். எழுதியவர் கண்டதைத்தானே எழுதினார்?

வழக்கம் யாவும் தீது என்றும் நாம் சொல்லவில்லை. மார்க்க ஆதாரத்தோடு முரணாதவரை ஊர்வழக்கத்துக்கும் ஃபிக்ஹில் இடமுண்டு. ஓதியவர்கள் அனைவரும் அறிந்த விதி அது. காயல்பட்டினத்திலும் கீழக்கரையிலும் மணமான பெண் தாய்வீட்டை விட்டுப் போவதில்லை. மாப்பிள்ளையே அங்கு வருகிறார். மேற்குச் சுமத்ராவின் மினாங்கபாவு முஸ்லிம்களிடையே குலச்சொத்தும் மூதாதையர் வீடும் தாய்வழியாக இறங்குகின்றன. குலச்சொத்தைப் பற்றி அங்குள்ள உலமாக்களே நெடுங்காலம் வாதித்திருக்கிறார்கள். அவ்வாதத்தில் நாம் இங்கே இறங்கவில்லை. ஆயினும் முஸ்லிம் குடும்பம் என்றாலே பெண் வேரோடு பிடுங்கப்பட்டுக் கணவன் வீட்டில் நடப்படுகிறாள் என்று எழுதுகிறவர்கள், கீழக்கரைத் தெருவொன்றில் ஒரு மாலை நேரம் நடந்து பார்த்துவிட்டு எழுதட்டும். பிற சமுதாயங்களைப் பற்றி நம் மேடைகளில் பேசுகிறவர்களும் அவ்வாறே நடந்து பார்த்துவிட்டுப் பேசட்டும். லண்டனிலும் சிகாகோவிலும் தள்ளாத தாயைத் தம் வீட்டிலேயே வைத்துப் பேணும் பிள்ளைகள் இல்லையென்று இவர்களுக்குச் சொன்னவர் யார்?

நாம் ஓதிய காலத்தில் எந்த உஸ்தாதும் கிதாபுல் ஹிந்தைத் திறந்து காட்டியதில்லை. ஸர்ஃபும் நஹ்வும் மன்திக்கும் ஆண்டுக்கணக்கில் ஓதினோம். நாம் பிறந்த நாட்டைப் பற்றி நமது அரபி மொழியிலேயே எழுதப்பட்ட தலைசிறந்த நூல் பாடத்திட்டத்தில் இல்லை. முழுநூலையும் ஓதிக்கொடுக்கக் காலம் போதாதென்று முதர்ரிஸ்கள் கூறுவார்கள், அதுவும் உண்மையே. ஸனது பெறும் இறுதியாண்டு மாணவர்களுக்கு முதல் அத்தியாயத்தையும் ஒன்பதாம் அத்தியாயத்தையும் மட்டுமாவது வைக்கலாம். இரண்டையும் ஓதி முடிக்க ஒரு ரஜபு மாதம் போதும். ஒன்பதாவதை ஓதும் அன்று, மத்ரஸா நிர்வாகிகளும் வந்து பின்வரிசையில் அமர்ந்து கேட்கட்டும். தங்கள் மக்களுக்கு வரன் பார்க்கும் வயதில்தானே அவர்களுள் பலர் இருக்கிறார்கள்.