பெயிண்டுக்கு அடியில் ஓர் உட்பகை

தங்கம் துருப்பிடிக்காது. கோலார் தங்கவயலில் பிறந்தவனுக்கு இதைச் சொல்லித்தர வேண்டியதில்லை. ஆனால் அந்தத் தங்கத்தை மேலே தூக்கி வந்த இரும்பு என்ன ஆகும் என்பதை நாங்கள் 2001 பிப்ரவரி 28க்குப் பிறகுதான் கண்ணால் பார்த்தோம். அன்று சுரங்கம் மூடப்பட்டது. ஷாஃப்டுகளுக்கு மேலே நிற்கும் இரும்புக் கோபுரங்களைச் சுரண்டி, வண்ணம் அடித்து, கிரீஸ் போட ஆளில்லாமல் போயிற்று. இன்று அவை செம்மண் நிறத்தில் நிற்கின்றன. இரும்பு தான் வெட்டியெடுக்கப்பட்ட மண்ணின் நிறத்துக்கே திரும்பிக்கொண்டிருக்கிறது. துரு என்பது வேறொன்றுமில்லை, அந்தப் பயணம்தான்.

இந்தத் தத்துவமெல்லாம் சொந்தக் காரில் கொப்புளம் வரும்வரைதான். அம்மாவின் ஆஸ்பத்திரிப் போக்குவரத்துக்காக ஊரிலேயே விட்டுவைத்திருந்த பதினாறு வயதுக் கார் அது. அம்மா பெங்களூரில் எங்களோடு வந்துவிட்டதால் விற்றுவிடலாம் என்று முடிவு. பின்சக்கர வளைவிலும் கதவின் கீழ் விளிம்பிலும் அம்மை போட்ட மாதிரி சின்னச் சின்னக் கொப்புளங்கள். ராபர்ட்சன்பேட்டையில் ஒரு டிங்கரிங் கடைக்கு ஓட்டிப் போனேன். கடைக்காரர் ஸ்க்ரூ டிரைவர் முனையை ஒரு கொப்புளத்தின்மீது வைத்து மெல்ல அழுத்தினார். முனை உள்ளே போய்விட்டது.

"இது மேல வந்த வியாதி இல்ல சார். உள்ள இருந்து வருது" என்றார்.

அவர் சொன்னது துல்லியமான வேதியியல். இரும்பு, தண்ணீர், ஆக்ஸிஜன் மூன்றும் சந்தித்தால் துரு. பெயிண்டின் வேலை இந்தச் சந்திப்பைத் தடுப்பது. சிறு கல் தெறித்து ஊசிமுனை அளவு பெயிண்டு பெயர்ந்தாலும் ஈரம் உள்ளே நுழைந்துவிடும். துரு தான் தின்ற இரும்பைவிடப் பல மடங்கு இடத்தை அடைத்துக்கொள்ளும். இடம் போதாமல் பெயிண்டை மேலே தள்ளும். அதுதான் கொப்புளம். கொப்புளம் தெரியும்போது நோய் தொடங்கியிருக்கிறது என்று நினைக்கிறோம். உண்மையில் பாதி வேலை முடிந்திருக்கிறது.

சென்னைக்காரர்கள் கடற்கரை உப்புக்காற்றைக் குற்றம் சொல்லலாம். உப்பு கலந்த ஈரம் துருவை வேகப்படுத்தும் என்பது உண்மை. கடலே இல்லாத தங்கவயலில் யாரைச் சொல்வது? கடைக்காரர் கதவின் அடியில் இருக்கும் சின்னத் துளைகளைக் காட்டினார். கண்ணாடி வழியாகக் கதவுக்குள் இறங்கும் மழைத்தண்ணீர் வெளியேற வைத்திருக்கும் வடிகால்கள் அவை. அத்தனையிலும் சாம்பல் நிறப் பொடி அடைத்திருந்தது. எங்கள் ஊர் சயனைடு மலையின் பொடி. தங்கம் பிரித்தெடுத்த பிறகு கொட்டிய கழிவு, நூறாண்டுக்கும் மேலாகக் குவிந்து குன்றுகளாக நிற்கிறது. காற்றடிக்கும் மாதங்களில் அது எங்கள் சோற்றுத் தட்டுவரை வரும். கதவுக்குள் வருவதற்கு என்ன? வடிகால் அடைத்தால் தண்ணீர் தேங்கும், தேங்கினால் தகடு அழுகும். எந்த ஊரானாலும் ஒரு பழைய குச்சியால் மாதம் ஒருமுறை அந்தத் துளைகளைக் குத்திவிடுங்கள். காசு செலவில்லாத வைத்தியம் இதைவிட இல்லை.

இனி மருந்து. கடைக்காரர் இரண்டு வழி சொன்னார். ஒன்று, கொப்புளத்தை உப்புத்தாளால் தேய்த்து, பட்டி வைத்து, பெயிண்டு அடிப்பது. மூன்று நாளில் கார் புதுமாப்பிள்ளை. ஆனால் பட்டி ஈரத்தை உறிஞ்சும். அடியில் கொஞ்சம் துரு மிஞ்சினாலும் அடுத்த மழைக்காலம் தாண்டாது. மற்றொன்று, கொப்புளத்துக்கு வெளியே ஓர் அங்குலம்வரை, தகடு பளபளக்கும் மட்டும் சுரண்டுவது. குழிகளில் மிஞ்சிய துருவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கலந்த மருந்து தடவி, காயவிட்டு, அதன்பிறகே பிரைமர், பெயிண்டு. தகடே ஓட்டையாகியிருந்தால் சுரண்டிப் பயனில்லை. நல்ல தகடு வரும்வரை வெட்டி, புதிதாக வெல்டிங் செய்து, உட்பக்கமும் பூச வேண்டும். செலவு மூன்று மடங்கு.

"விக்கிற வண்டிதானே சார், பட்டி போதும். வாங்கறவனுக்குத் தெரியாது" என்றார். அவர் கெட்டவர் அல்ல. கேட்பவர்கள் பெரும்பாலும் அதைத்தான் கேட்கிறார்கள்.

ஆனால் வாங்கப்போகிறவன் என் அப்பாவோடு ஒரே ஷிஃப்டில் சுரங்கத்தில் இறங்கியவரின் பேரன். மாரிக்குப்பத்தில் விடியற்காலை ரயிலேறி பெங்களூருக்கு வேலைக்குப் போகும் ஆயிரக்கணக்கானவர்களில் ஒருவன். கல்யாணமாகிக் குழந்தை பிறந்திருக்கிறது. மிதியடியைத் தூக்கிப் பார்த்தோம். டிரைவர் இருக்கைக்குக் கீழே தரைத்தகட்டிலும், கதவுக்கு அடியில் ஓடும் பெட்டித் தகட்டிலும் அதே துரு. இப்போதைய கார்களுக்குத் தனிச் சட்டம் கிடையாது. உடம்பே எலும்பு. மோதலின்போது விசையைத் தாங்க வேண்டிய தகடுகள் இவை. சக்கர வளைவில் துரு அழகுப் பிரச்சினை. இங்கே துரு உயிர்ப் பிரச்சினை.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. அமெரிக்காவில் டொயோட்டா பிக்கப் வண்டிகளின் சட்டங்கள் துருவால் அரிக்கப்படுவதாக வழக்குத் தொடர்ந்தார்கள். 2016ல் சுமார் 15 லட்சம் வண்டிகளுக்காக 340 கோடி டாலர்வரை செலவாகக்கூடிய சமரசத்துக்கு நிறுவனம் ஒப்புக்கொண்டது. நம்மிடம் எதிர்ப்பக்க உதாரணமும் உண்டு. டில்லியின் இரும்புத்தூண் சுமார் 1,600 ஆண்டுகளாக வெயிலிலும் மழையிலும் நிற்கிறது. அதன் இரும்பில் பாஸ்பரஸ் அதிகம் இருப்பதால் மேற்பரப்பில் மெல்லிய காப்புப் படலம் உருவாகிறது என்று விளக்கியவர் கான்பூர் ஐ.ஐ.டி. பேராசிரியர் ஆர். பாலசுப்ரமணியம். இரும்புக்குத் தன்னைத்தானே காத்துக்கொள்ளவும் தெரியும். ஆனால் காப்பு அதன் உள்ளிருந்தே வர வேண்டும்.

தமிழ் படித்தவனுக்கு வரும் வியாதி, எதைப் பார்த்தாலும் குறள் ஞாபகம் வருவது. உட்பகை அதிகாரத்தில் அரத்தால் தேயும் பொருளாக வள்ளுவர் சொல்வது 'பொன்'. பரிமேலழகர் அதற்கு இரும்பு என்றே உரை சொல்கிறார். பழந்தமிழில் உலோகமெல்லாம் பொன்தான், இரும்பு கரும்பொன். தங்கவயலில் தங்கத்தையும் இரும்பையும் ஒரே சொல்லால் அழைத்தால் சிரிப்பார்கள். ஆனால் உட்பகையால் ஒரு குடி கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்வதற்கு வள்ளுவர் எடுத்துக்கொண்ட உவமை இரும்புதான் என்பதை அவர்கள் உடனே ஒப்புக்கொள்வார்கள். தேர்தல்தோறும் சுரங்கம் திறக்கும் என்று பட்டி பூசப்பட்ட ஊர் அது.

பையனை வரச்சொன்னேன். மிதியடியைத் தூக்கிக் காட்டினேன். கொஞ்ச நேரம் குனிந்து பார்த்துவிட்டு, "அண்ணா, இதை நீங்க காட்டலேன்னா எனக்குத் தெரிஞ்சிருக்காதே" என்றான். வெட்டி வெல்டிங் செய்யும் செலவை விலையில் கழித்துக்கொண்டோம். எனக்கு நஷ்டம்தான். கடைக்காரர் மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

திரும்பும் வழியில் ஷாஃப்டு கோபுரத்தைப் பார்த்தேன். அங்கே பட்டி வைக்கக்கூட யாரும் வரவில்லை. மறைப்பு இல்லாததால் துரு வெளியே தெரிகிறது, அவ்வளவுதான்.