கையெழுத்து யாருடையது? வாங்காத கடனும் குற்றவியல் வழக்கும்

தேவாரத்திலிருந்து ஒரு வாசகரின் கேள்வி. அவரிடம் இருப்பது 2 ஏக்கர் மானாவாரி நிலம். நிலக்கடலையும் சோளமும் தவிர வேறெதுவும் போட்டதில்லை. ஆனால், 2021-ல் அவர் பெயரில் வாழைக்குப் பயிர்க்கடன் வாங்கியிருப்பதாக வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்திருக்கிறது. 'பாதியைக் கட்டி முடித்துக்கொள்ளுங்கள்' என்கிறார்களாம். கட்டுவதா, வழக்குக்குப் போவதா?

பதில்: முதலில், எதிலும் கையெழுத்துப் போட வேண்டாம். கடன் நிலுவையில் இருப்பதாக ஒப்புக்கொண்டு கெடு முடியுமுன் கையெழுத்திட்டால், அந்தத் தேதியிலிருந்து கடன் வசூலுக்கான காலவரம்பு புதிதாகத் தொடங்கும். பிறகு, 'நான் வாங்கவில்லை' என்ற வாதமும் பலவீனப்படும்.

இத்தகைய சிக்கல் புதிதல்ல. தஞ்சாவூர் மாவட்டம் திருமண்டங்குடியில், சர்க்கரை ஆலை தங்கள் பெயரில் வங்கிக்கடன் வாங்கிவிட்டதாகக் கூறி, கரும்பு விவசாயிகள் 2022 நவம்பரில் போராட்டத்தில் இறங்கினார்கள்.

குற்றவியல் நீதிமன்றத்தில் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபிக்க வேண்டும். அதற்கு மூன்று கேள்விகளுக்கு விடை வேண்டும்.

ஒன்று, கையெழுத்து யாருடையது? வங்கியில் உள்ள அசல் விண்ணப்பம் தடயவியல் ஆய்வுக்குப் போக வேண்டும், நகல் போதாது. 2021-ஐ ஒட்டிய காலத்தில் அவர் கையெழுத்திட்ட பத்திரம், ரசீது எதுவானாலும் பத்திரப்படுத்த வேண்டும். நிபுணர் கருத்தை மட்டும் நம்பி நீதிமன்றம் பொதுவாகத் தண்டிப்பதில்லை; துணைச் சான்றும் கேட்கும்.

இரண்டு, பணம் யார் கைக்குப் போனது? கணக்குத் தொடங்கியபோது கொடுத்த போட்டோ, பணம் எடுத்த சீட்டு, பணம் மாறிய கணக்கு ஆகியவை இதைச் சொல்லும். 1891-ஆம் ஆண்டின் வங்கிப் புத்தகச் சாட்சியச் சட்டப்படி, முறையாகச் சான்றளித்த கணக்கு நகலே சாட்சியமாகும்.

மூன்று, ஏமாற்றும் எண்ணம் தொடக்கத்திலேயே இருந்ததா? வாங்கிய கடனைக் கட்ட முடியாமல் போவது மோசடி ஆகாது. பொய் ஆவணம் கொடுத்துக் கடன் வாங்குவது மோசடி.

இந்த வாசகருக்கு வலுவான சான்று அடங்கல்தான். கிராமக் கணக்கு எண் 2-இல் பசலி 1430, 1431-க்கு அந்த சர்வே எண்ணில் என்ன பயிர் என்று பாருங்கள். கிராமக் கணக்கில் நிலக்கடலையும், வங்கிக் கோப்பில் உள்ள அடங்கலில் வாழையும் இருந்தால், அந்த அடங்கலைக் கொடுத்தது யார் என்பதிலிருந்தே விசாரணை தொடங்கும்.

வங்கிக்கு எழுத்துமூலம் மறுப்புக் கொடுத்து, ஒப்புகை வாங்குங்கள். 30 நாளில் தீராவிட்டால் ரிசர்வ் வங்கி குறைதீர்ப்பாளரிடம் போகலாம். போலீஸ் நிலையத்தில் புகாரைப் பதிய மறுத்தால் தேனி எஸ்.பி.க்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். அதுவும் பலிக்காவிட்டால் மாஜிஸ்திரேட் நீதிமன்றம் இருக்கிறது. சம்பவம் 1.7.2024-க்கு முந்தையது என்பதால், பழைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 420, 467, 468, 471 பிரிவுகள் பொருந்தலாம். கடன் கொடுத்தது கூட்டுறவுச் சங்கமாக இருந்தால், துணைப் பதிவாளரிடம் 81-வது பிரிவு விசாரணையும் கோரலாம்.

'பணத்தைக் கட்டிவிட்டோம், விட்டுவிடுங்கள்' என்று மோசடிக்காரர்கள் பின்னர் சொல்லக்கூடும். பணம் திரும்பி வந்துவிட்டது என்பதற்காக மட்டும் வங்கி மோசடி வழக்கை ரத்து செய்ய முடியாது என உச்ச நீதிமன்றம் 2013-லேயே சொல்லிவிட்டது.

மற்றவர்களுக்கு ஒன்று: ஆண்டுக்கு ஒருமுறை கடன் தகவல் அறிக்கையை இலவசமாக எடுத்துப் பார்க்கலாம். மண் பரிசோதனை போல, அதையும் வழக்கமாக்குங்கள்.