அடுத்த வீட்டுக் குழந்தை

"என்ன இருந்தாலும் அந்தக் காலம் போல வருமா?" என்ற கேள்வியைக் காதில் வாங்காத வீடு நம் பட்டணத்தில் இருக்க முடியாது. தாத்தா ஆரம்பித்து வைப்பார். அவர் ஓய்ந்தால் பாட்டி எடுத்துக்கொள்வாள். வாசல் திண்ணை, கிணற்றடி, அம்மன் கோயில் திருவிழா, ஒரே தெருவில் பிறந்து ஒருவரையொருவர் கல்யாணம் செய்துகொண்டு ஆயுசு பூராவும் மனம் கோணாமல் வாழ்ந்தவர்கள் என்று வரிசையாக வரும். கேட்க இனிக்கத்தான் செய்கிறது. ஆனால் அதே சமயம் சமையலறையில் தோசை திருப்பிக்கொண்டிருக்கும் மருமகளின் முகத்தை யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. அந்தக் காலத்தைப் பற்றி அவளுக்கு வேறு அபிப்பிராயம் இருக்கக்கூடும் அல்லவா?

அப்படிப்பட்ட ஓர் ஊர்க் காதலைத்தான் இந்த வாரம் உங்களுக்குச் சொல்லப் போகிறேன். ஊர் நம் ஊர் அல்ல. நாயகனும் நாயகியும் நீங்கள் பெயர் கேள்விப்பட்டவர்கள்தான். 1977 முதல் 1981 வரை அமெரிக்க ஜனாதிபதியாக இருந்த ஜிம்மி கார்ட்டரும், அவருடைய மனைவி ரோஸலினும். ஜனாதிபதி செய்த காரியங்களை வேறு பக்கத்துக்காரர்கள் பார்த்துக்கொள்ளட்டும். எனக்கு வேண்டியது அந்த 77 வருஷத் தாம்பத்தியம்.

ஜார்ஜியா மாகாணத்தின் தெற்கே பிளெயின்ஸ் என்று ஒரு சிற்றூர். ஜனத்தொகை சுமார் 600. செம்மண் பூமி, ரெயில் பாதை, அதை ஒட்டி ஒரு வரிசைக் கடைகள்; அவ்வளவுதான் ஊர். 1927 ஆகஸ்டு 18-ஆம் தேதி அங்கே ஸ்மித் என்பவர் வீட்டில் ஒரு பெண் குழந்தை பிறந்தது. பிரசவத்துக்கு உதவி செய்தவர் அடுத்த வீட்டு நர்ஸ் லில்லியன் அம்மாள். அவர் தம் மகனையும் அழைத்துப் போய்க் குழந்தையைக் காட்டினார். மகனுக்கு அப்போது மூன்று வயதுகூட நிறையவில்லை. தொட்டிலில் கிடந்த குழந்தை ரோஸலின். எட்டிப் பார்த்த பையன் ஜிம்மி. கதாசிரியர் யாராவது இப்படி எழுதியிருந்தால், "இது நடக்கிற காரியமா?" என்று நீங்களே கடிதம் போட்டிருப்பீர்கள்!

(இந்த லில்லியன் அம்மாள் நம் தேசத்துக்கும் வேண்டியவர். 1966-ல், 68-ஆவது வயதில், அமெரிக்காவின் அமைதிப் படையில் சேர்ந்து, பம்பாயை அடுத்த விக்ரோலிக்கு வந்து ஏறக்குறைய இரண்டு வருஷம் சேவை செய்துவிட்டுப் போனார்.)

கார்ட்டர் குடும்பம் 1928-ல் இரண்டு மூன்று மைல் தள்ளி ஆர்ச்சரி என்ற இடத்துக்குக் குடியேறிப் பண்ணை வைத்தது. அந்த வீட்டில் மின்சாரம் கிடையாது. தண்ணீர் கிணற்றிலிருந்து இறைத்து வர வேண்டும். பையன் வெறுங்காலோடு திரிவான். ஐந்தாறு வயதிலேயே வயலில் வேர்க்கடலை பிடுங்கி, உப்பு நீரில் ஊற வைத்து, அவித்துப் பொட்டலம் கட்டி, ரெயில் பாதை ஓரமாகவே நடந்து பிளெயின்ஸ் கடைத்தெருவில் விற்றுவிட்டு வருவான். பொட்டலம் ஐந்து சென்ட். நம் கடற்கரையில் சுண்டலுக்குப் பக்கத்தில் கிடைக்கிறதே, அதே அவித்த வேர்க்கடலைதான். பிற்பாடு எழுதிய புத்தகத்தில் அவர் இதையெல்லாம் நாக்கில் ருசி ஒட்டிக்கொள்ளும்படி சொல்லியிருக்கிறார்.

ஆனால் அந்தப் புத்தகத்தை நான் மதிப்பதற்குக் காரணம் வேர்க்கடலை அல்ல. ஆர்ச்சரியில் அக்கம்பக்கம் எல்லாரும் நீக்ரோக் குடும்பங்கள் (அந்த நாளில் அப்படித்தான் சொல்வார்கள், கறுப்பர்கள் என்று இப்போது சொல்கிறோம்). ஜிம்மியின் விளையாட்டுத் தோழர்கள் அந்தக் குழந்தைகள்தான். மீன் பிடிப்பது, மல்யுத்தம் போடுவது எல்லாம் அவர்களோடுதான். பள்ளிக்கூடம் மட்டும் வேறு, சர்ச்சு வேறு, ரெயிலில் உட்காரும் பெட்டி வேறு. ஜிம்மிக்குப் பதினாலு வயது இருக்கும். தோழர்கள் இருவரோடு வயலிலிருந்து திரும்புகிறான். மேய்ச்சல் நிலத்துப் படல் வருகிறது. தோழர்கள் இருவரும் படலைத் திறந்துவிட்டு ஒதுங்கி நின்று, அவனை முதலில் போக விட்டார்கள். ஏதோ விளையாட்டுக் குறும்பு, கால் தடுக்கக் கயிறு கட்டியிருக்கிறார்கள் என்று அவன் நினைத்தான். கயிறும் இல்லை, ஒன்றும் இல்லை. இனி வெள்ளைக்காரப் பையனுக்கு வழிவிட்டு நிற்க வேண்டும் என்று அவர்களுடைய வீட்டில் சொல்லியிருப்பார்கள் என்பது அவருக்கு வெகு காலம் கழித்துத்தான் உறைத்தது. "அந்தக் காலம் எவ்வளவு சுலபமாக இருந்தது!" என்று நாம் சொல்லும்போது, அந்தப் படலண்டை ஒதுங்கி நின்ற இரண்டு பிள்ளைகளை ஒரு வார்த்தை கேட்டுக்கொள்வது நல்லது.

ரோஸலினுக்கும் பால்யம் அப்படியொன்றும் சுலபமாக இல்லை. நான்கு குழந்தைகளில் மூத்தவள். தகப்பனார் மோட்டார் மெக்கானிக். 1940-ல், இவளுக்குப் பதின்மூன்று வயதில், அவர் இரத்தப் புற்று நோயால் காலமானார். அவருக்குப் பணிவிடை செய்தவரும் அதே லில்லியன் அம்மாள்தான். தாயார் துணி தைத்துக் குடும்பத்தைக் காப்பாற்றினார். கூடமாட உதவியாக இருந்து, தம்பி தங்கைகளைக் கவனித்துக்கொண்டது ரோஸலின். குழந்தைகள் காலேஜுக்குப் போய்ப் படிக்க வேண்டும் என்பது தகப்பனாரின் கடைசி ஆசை. அது அந்தப் பெண்ணின் மனத்தில் கல்லில் எழுதினது போலப் பதிந்துவிட்டது.

இனிக் காதல். ஜிம்மியின் தங்கை ரூத், ரோஸலினுக்குச் சிநேகிதி. ரூத்தின் அறைச் சுவரில் கடற்படைக் கல்லூரி உடுப்போடு அண்ணாவின் போட்டோ மாட்டியிருந்தது. அந்தப் போட்டோவைப் பார்த்துத்தான் தான் மனத்தைப் பறிகொடுத்ததாக ரோஸலினே எழுதியிருக்கிறாள். ஆளைச் சின்ன வயசிலிருந்தே தெரியும். ஆனால் போட்டோதான் வேலை செய்தது! 1945 கோடையில் அண்ணன் லீவில் வந்தபோது ரூத் காரியத்தை முடித்து வைத்தாள். நாலு பேராக ஒரு மோட்டாரில் சினிமாவுக்குப் போனார்கள். என்ன படம் என்று பிற்காலத்தில் இருவருக்குமே ஞாபகம் இல்லை. மறுநாள் காலையில் தாயாரிடம், "நான் கட்டிக்கொள்ளப் போகிற பெண் அவள்தான்" என்று ஜிம்மி சொல்லிவிட்டான்.

பெண் உடனே தலையை ஆட்டிவிட்டாள் என்று நினைக்கிறீர்களா? முதல் தடவை கேட்டபோது "இப்போது முடியாது" என்றாள். படிப்பை முடிக்க வேண்டும்; இறந்துபோன தகப்பனாரின் ஆசை அது. சில மாதம் கழித்து மறுபடி கேட்டான். 1946 ஜூலை 7-ஆம் தேதி ஊர் சர்ச்சில் கல்யாணம் நடந்தது.

நம் சினிமாவாக இருந்தால் இங்கே 'சுபம்' போட்டுவிடுவார்கள். எனக்கோ கதையே இதற்கு மேல்தான்.

கடற்படை அதிகாரியின் மனைவியாக ஏழு வருஷம் ஊர் ஊராகப் போனாள் ரோஸலின். புருஷன் பாதி நாள் கப்பலில் இருப்பார். கைக்குழந்தையோடு தனியாக வீடு நடத்த வேண்டும். முதலில் திண்டாடினாள், பிறகு அதில் ஒரு ருசி கண்டுகொண்டாள். மாமியார் இல்லை, தாயார் இல்லை, கேள்வி கேட்க ஊர் இல்லை. 1953-ல் கார்ட்டரின் தகப்பனார் காலமானார். ஊர் திரும்பித் தகப்பனாரின் தொழிலை ஏற்றுக்கொள்வதென்று கார்ட்டர் தீர்மானித்தார். தீர்மானித்தார் என்று ஒருமையில் சொல்வது வேண்டுமென்றுதான். மனைவியை அவர் கலந்துகொள்ளவே இல்லை. அவள் அழுதாள், கூச்சல் போட்டாள், ஒன்றும் பலிக்கவில்லை. மூன்று பிள்ளைகளோடு மோட்டாரில் ஊருக்குத் திரும்பும்போது வழி நெடுக அவள் புருஷனோடு நேராகப் பேசவில்லை. வண்டியை நிறுத்த வேண்டுமானால் மூத்த பையனிடம் சொல்வாள். அவன் அப்பாவிடம் சொல்வான்.

கவனியுங்கள், சகோதரிகளே! ஊர் ஒன்றுதான். அவருக்கு அது திரும்பிப் போக ஏங்கிய இடம். அவளுக்கு அது தப்பித்து வந்த இடம். சொந்த ஊர் ஏக்கம் என்பது பெரும்பாலும் ஆண்பிள்ளைகளின் ஆஸ்தி என்பது என் கட்சி. கிணற்றங்கரையை நினைத்து உருகுகிறவர்களில் எத்தனை பேர் தண்ணீர் இறைத்தவர்கள்?

திரும்பி வந்த முதல் வருஷம் கடுமையான வறட்சி. கையில் ஏதும் நிற்கவில்லை. ஏழைகளுக்காகச் சர்க்கார் கட்டிய வாடகைக் குடியிருப்பில் இருந்தார்கள். விதைக் கடலையும் உரமும் விற்கிற கிடங்கில் டெலிபோனுக்குப் பதில் சொல்ல ஆள் இல்லை. வாரத்தில் ஒரு நாள் வந்து உட்கார முடியுமா என்று கார்ட்டர் கேட்டார். உட்கார்ந்தாள். கணக்குப் புத்தகங்களை வாங்கிப் படித்து வரவு செலவு எழுதக் கற்றுக்கொண்டாள். கொஞ்ச நாளில், எது லாபம், எது நஷ்டம் என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்ல அவருக்குத் தெரிந்ததைவிட அவளுக்கு அதிகம் தெரிந்தது. கடனில் விழாமல் இருக்க அவர் அவளைக் கேட்டுச் செய்ய வேண்டியதாயிற்று. அந்தத் தாம்பத்தியம் நிலைத்தது தொட்டிலண்டை அல்ல, அந்தக் கிடங்கின் மேஜையண்டை என்று எனக்குத் தோன்றுகிறது.

புருஷர்கள் ஒரே நாளில் திருந்திவிடுவதில்லை. 1962-ல், தமது 38-ஆவது பிறந்த நாளன்று, கார்ட்டர் காலையில் நல்ல உடுப்பாக எடுத்துப் போட்டுக்கொண்டார். எங்கே என்று மனைவி கேட்ட பிறகுதான், மாகாண செனட் தேர்தலுக்கு நிற்கப் போவது வெளியே வந்தது! ஆனால் அதற்கப்புறம் ஒவ்வொரு தேர்தலிலும் ஊர் ஊராகப் போய் ஓட்டுக் கேட்டவர் ரோஸலின் அம்மாள். வெள்ளை மாளிகையில் மந்திரிசபைக் கூட்டங்களில் அவர் உட்கார்ந்து குறிப்பு எடுத்ததைப் பத்திரிகைகள் வம்பு பேசின. கார்ட்டர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. கேளாமல் செய்தால் என்ன ஆகும் என்பது அவருக்கு ஒரு தடவை மோட்டார்ப் பிரயாணத்தில் தெரிந்துபோயிற்று.

1980 தேர்தலில் தோற்று, மறு வருஷம் பிளெயின்ஸுக்கே வந்து சேர்ந்தார்கள். 1961-ல் கட்டிய அதே வீடு. தொழிலில் பத்து லட்சம் டாலர் கடன் ஏறியிருந்தது. தோல்வியில் அவரைவிட இவருக்குத்தான் மனக்கசப்பு அதிகம். அந்த வீட்டிலேயே, தினமும் இரவு ஸ்பானிஷ் மொழியில் பைபிள் வாசித்துக்கொண்டு, கோபத்தோடு தூங்கப் போவதில்லை என்று ஓர் ஒப்பந்தம் செய்துகொண்டு, நாற்பது வருஷத்துக்கு மேல் இருந்தார்கள். 2023 நவம்பர் 19-ஆம் தேதி ரோஸலின் அம்மாள் காலமானார். 99 வயதுக் கிழவரைச் சக்கர நாற்காலியில் வைத்து அஞ்சலிக் கூட்டத்துக்கு அழைத்து வந்தார்கள். மடிமேல் போர்த்தியிருந்த போர்வையில் மனைவியின் முகம் அச்சிட்டிருந்தது. அடுத்த வருஷம் டிசம்பர் 29-ஆம் தேதி, நூறு வயது கடந்து, அவரும் போனார். இருவரும் அந்த வீட்டு மனையிலேயே பக்கத்தில் பக்கத்தில் அடக்கமாகியிருக்கிறார்கள்.

இத்தனை ஒற்றுமையான தம்பதிகளுக்குள் கடைசியாக வந்த பெரிய சண்டை எதனால் தெரியுமா? புத்தகத்தால். 1980-க்குப் பிந்திய தங்கள் வாழ்க்கையை இருவரும் சேர்ந்து எழுத உட்கார்ந்தார்கள். அவர் வேகமாக எழுதித் தள்ளுகிறவர். இவர் ஒவ்வொரு சொல்லாகச் செதுக்குகிறவர். அதுகூடப் போகட்டும். ஒரே வீட்டில், ஒரே நாளில் நடந்த விஷயம் அவருக்கு ஒரு மாதிரி ஞாபகம், இவருக்கு வேறு மாதிரி ஞாபகம்! நேரில் பேசினால் சண்டை என்பதால் எழுத்திலேயே மோதிக்கொண்டார்கள். கல்யாணமே முறிந்துவிடும் போல ஆயிற்று என்று பிற்பாடு இருவரும் ஒப்புக்கொண்டார்கள். முடிவில் ஒரு ராஜி: ஒத்துப்போகிற பகுதிகளைப் பொதுவாக விட்டுவிடுவது, ஒத்துப்போகாத பத்திகளில், எழுதியது ஜிம்மியானால் 'ஜே' என்றும், ரோஸலினானால் 'ஆர்' என்றும் தலையில் ஓர் எழுத்துப் போட்டுவிடுவது. 1987-ல் புத்தகம் அப்படியேதான் வெளிவந்தது. புரட்டிப் பார்த்தால் 'ஜே' கொஞ்ச தூரம் பேசுகிறது. பிறகு 'ஆர்' குறுக்கிட்டுத் தன் கட்சியைச் சொல்கிறது. மறுபடி 'ஜே' வருகிறது.