பட்டை நீளமானா போதுமா?

இங்க ஆல்பர்ட்டாவில் குளிர் வந்தாச்சு. பையன் தன்னோட பழைய ஸ்நோமொபைல் பட்டையை 136 அங்குலத்திலிருந்து 151-க்கு மாத்தணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறான். நியாயம்தான். பட்டை நீண்டா எடை அதிகப் பரப்பில் பரவும். புதுப்பனியில் வண்டி அவ்வளவா புதையாது. ஆனா திருப்புறது கஷ்டம். சஸ்பென்ஷன் ரெயிலை நீட்டணும், பல்சக்கரம் மாத்தணும். பேங்க்காரன் கணக்குக்கு அதுகூட ஓகே.

என் பயம் வேற. பனிச்சரிவு பெரும்பாலும் 30 முதல் 45 டிகிரி சாய்வில்தான் வரும். நீளப் பட்டை ஆளைக் கொண்டுபோய் நிறுத்துறதும் அங்கதான்!

நான் மைசூர் மைன்ஸ்ல பிறந்தவன். சாம்பியன் ரீஃப் சுரங்கம் 3 கிலோமீட்டருக்கும் கீழே போச்சு. ஆழம் கூடக் கூட பாறை வெடிப்பும் கூடிச்சு. வீடு அதிர்ந்தா அம்மா வாசலுக்கு ஓடுவாங்க. 2001-ல் சுரங்கத்தை மூடியாச்சு. அந்த அதிர்வு எனக்குள்ள இன்னும் நிக்கல.

பட்டைக்குக் காசு தர்றேன்னு சொல்லிட்டேன். ஆனா முதல்ல பனிச்சரிவுப் பயிற்சி, டிரான்ஸ்சீவர், தேடுற கம்பி, ஷவல். கூடப் போற பசங்களுக்கும்தான். புதைஞ்சவனுக்கு முதல் 10, 15 நிமிஷம்தான் உயிர். ஹெலிகாப்டர் வர்றதுக்குள்ள தோண்டி எடுக்க வேண்டியது பக்கத்தில் நிக்கிறவன்.

உங்க வீட்லயும் இந்தப் பஞ்சாயத்து உண்டா? நீங்களும் இதே கண்டிஷன் போடுங்க.