கிழியும் கைப்பேசியும்

காதலைப் பாடியதில் சங்கப் புலவர்க்கு நிகரானோர் அரியர் என்று மேடைதோறும் பெருமிதம் கொள்கிறோம். அவர்கள் எதைப் பாடாது விட்டனர் என்பதை நாம் அத்துணை எண்ணிப் பார்ப்பதில்லை. அன்பின் ஐந்திணையில் தலைவன் தலைவியரின் இயற்பெயரைச் சுட்டலாகாது என்பது தொல்காப்பியர் வகுத்த விதி. அதன் கடுமையை அறிய நெடுநல்வாடை ஒன்றே போதும். அப்பாட்டில் பாண்டியன் பெயர் எங்கும் இல்லை. வேப்பந்தார் சூடிய வேல் மட்டுமே வருகிறது. அவ்வடையாளம் ஒன்றைக் கொண்டே அது புறப்பாட்டு என்று நச்சினார்க்கினியர் முடிவு கட்டினார்.

அகவொழுக்கம் எல்லார்க்கும் பொதுவாதலின் பெயர் விலக்கப்பட்டது என்பது வகுப்பறையில் நாம் கூறும் விளக்கம். தேர்வுக்கு அது போதும். ஆயினும், அலர் தூற்றும் ஊரின் நடுவே வாழ வேண்டியவள் பெண்ணே என்னும் எண்ணமும் அவ்விதியினுள் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது.

அரபு மண்ணில் வழங்கும் கதையொன்று இதற்கு அரண் செய்கிறது. நஜ்துப் பகுதியில் கி.பி. 7ஆம் நூற்றாண்டில் வாழ்ந்தவராகச் சொல்லப்படும் கைஸ், தாம் விரும்பிய லைலாவின் பெயரை வெளிப்படையாகவே பாடினார். பாட்டு பரவியது. பாடியவருக்கே மகளைக் கொடுப்பது குலத்துக்கு இழுக்கு என்று தந்தை மறுத்துவிட, லைலா வேறொருவருக்கு மனைவியானாள். கைஸ் ‘மஜ்னூன்’ ஆனார். 1188இல் நிஜாமி அக்கதையைப் பாரசீகக் காவியமாக்கினார். அன்று முதல் உலகம் மஜ்னூனுக்காக உருகுகிறது. தன் பெயர் தெருவில் பாடப்படுவதற்கு லைலா இசைந்தாளா என்று கேட்டவர் மிகச் சிலரே.

தமிழ் இலக்கணம் அதைக் கேட்டது. மடலேறுதல் என்னும் துறையை நோக்குக. காதல் கைகூடாத ஆடவன் பனைமட்டையால் குதிரை செய்து, எருக்கம்பூச் சூடி, ஊர்த்தெருவில் வருவான். தலைவியின் உருவம் எழுதிய கிழியையும் அவன் கையில் ஏந்துவான் என்பர் பிற்கால அகப்பொருள் நூலார். பார்ப்பவர் அனைவர்க்கும் அவள் இன்னாள் என்பது தெரிந்துவிடும். இனி அவனுக்கே கொடுப்பதன்றி வழியில்லை என்னும் நெருக்கடி அவள் வீட்டைச் சூழும். ‘மடலேறுவேன்’ என்று தலைவன் வாயால் சொல்வதை ஐந்திணை பொறுத்துக்கொள்கிறது. ஏறியே விட்டால் அது பெருந்திணை, பொருந்தாக் காமம். இந்தக் கோடு எத்துணை நுட்பமானது!

மறைந்த காதலை வெளிப்படுத்தவும் நம்முன்னோர் வழி வகுத்தனர். அது அறத்தொடு நிற்றல். தலைவி தோழிக்கும், தோழி செவிலிக்கும், செவிலி நற்றாய்க்கும், நற்றாய் தந்தை தமையர்க்கும் உரைப்பர். செய்தி தலைவியின் நெஞ்சிலிருந்து, அவள் விரும்பியபோது புறப்படுகிறது. மடலில் அது அவளைக் கேளாமலே தெருவிலிருந்து புறப்படுகிறது.

இன்றைய கிழி கைப்பேசியில் இருக்கிறது. மறுத்த பெண்ணின் படத்தையும், நம்பி அவள் எழுதிய சொற்களையும் ஊரறியப் பரப்புகின்றவன் தன்னைக் காதலன் என்றே சொல்லிக்கொள்கிறான். திரைப்படங்கள் பல, மறுப்பவளை ஓயாது பின்தொடர்வதே காதலின் உறுதி என்று அவனுக்குக் கற்பித்திருக்கின்றன. மாணவத் தம்பியர் இதனைச் சினங்கொள்ளாது எண்ணிப் பார்க்க வேண்டும்.

பெரியோர்களிடமும் ஒன்று கேட்க வேண்டியுள்ளது. படம் பரவிய மறுநாள் படிப்பு நிறுத்தப்படுவது யாருக்கு? பெரும்பாலும் அப்பெண்ணுக்கே. பரப்பியவன் வழக்கம்போல் வகுப்புக்கு வருகிறான். மடலேறியவனைத் தொல்காப்பியர் பெருந்திணையில் நிறுத்தினார். நாமோ ஏறியவனை விட்டுவிட்டு, கிழியில் எழுதப்பட்டவளை வீட்டில் அடைக்கிறோம். பட்டம் பெற இன்னும் ஓராண்டே இருக்கும் மகளும் இவ்வாறு நிறுத்தப்படுகிறாள்.

செவிலித்தாய் இன்றைய இல்லங்களில் இல்லை. அச்சமின்றி முதற்சொல்லைச் சொல்ல மகள் யாரிடம் செல்வாள்? உம்மாவிடமா, பெரியம்மாவிடமா, துறைப் பேராசிரியையிடமா? அப்படியொருவரையேனும் ஒவ்வொரு வீடும் ஒவ்வொரு துறையும் இன்றே அவளுக்குக் காட்டி வைக்கட்டும்.