ஒட்டிக்கிட்டாத்தான் உறவு!

ஆலங்குடி பக்கமோ அறந்தாங்கி பக்கமோ ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பீங்க. கல்யாணமாகி மூணே மாசமான ஒரு அக்கா பந்தியில உட்கார்ந்திருப்பாங்க. எதிர் வரிசைப் பெரியம்மா சும்மா விடமாட்டாங்க. ‘‘என்னடி, ஏதாச்சும் விசேஷம் உண்டா?’’ பக்கத்துல பாயசம் குடிச்சுட்டிருக்கிற மாப்பிள்ளைகிட்ட அந்தக் கேள்வி போகவே போகாது, கவனிச்சிருக்கீங்களா? ரெண்டு வருஷம் ஓடிட்டா கேள்வி தீர்ப்பாயிடும். ‘‘விதை நல்ல விதைதான்... மண்ணுதான் சரியில்ல!’’

செம்மண்ணுல கடலை போடுற மாவட்டத்துல இந்த உவமை சுலபமா வாயில வந்துடும். ஆனா, உயிரியல் பாடத்துல இதுக்கு ஜீரோ மார்க்தான். ‘விதை’ன்னு ஒண்ணு இருந்தா, அதுல பாதி அந்த அக்காவோடது. ‘மண்ணு’ன்னு சொல்ற கருப்பையும் சும்மா கிடக்கிற நிலம் இல்லை.

இந்த மேட்டருக்கும் புதுக்கோட்டைக்கும் ஒரு குடும்ப சம்பந்தமே இருக்கு. 1886-ல புதுக்கோட்டையில பிறந்த முத்துலட்சுமி ரெட்டி, ஆம்பளைப் பசங்க மட்டும் படிச்ச மகாராஜா கல்லூரியில எதிர்ப்பை மீறிச் சேர்ந்து, 1912-ல சென்னை மருத்துவக் கல்லூரியில டாக்டர் பட்டம் வாங்கினாங்க. அவங்க, ‘காதல் மன்னன்’ ஜெமினி கணேசனுக்கு அத்தை. அந்த ஜெமினியோட பொண்ணு டாக்டர் கமலா செல்வராஜ்தான், 1990-ல தென்னிந்தியாவோட முதல் டெஸ்ட் டியூப் குழந்தையைப் பிறக்க வச்சவங்க. கொல்கத்தாவுல சுபாஷ் முகர்ஜி 1978-லயே இதைச் செஞ்சுட்டார். அவரை அப்ப யாரும் நம்பலைங்கிறது தனி சோகக்கதை.

‘டெஸ்ட் டியூப்’ங்கிற பேரைக் கேட்டா ஏதோ குழந்தையே கண்ணாடிக் குழாய்ல வளர்ற மாதிரி இருக்கும். நிஜத்துல முட்டையும் விந்தணுவும் சேர்றது மட்டும்தான் லேப்ல. அஞ்சு நாள் வரைக்கும் கருவை அங்கேயே வளர்க்கலாம். அதுக்கப்புறம் மெல்லிய குழாய் வழியா கருப்பையில விட்டுட்டு, டாக்டரும் உங்களை என்னை மாதிரி காத்திருக்க வேண்டியதுதான். எவ்வளவு பெரிய ஆஸ்பத்திரியா இருந்தாலும், ‘ஒட்டிக்கோ’ன்னு கருவுக்கு ஆர்டர் போட முடியாது.

அந்த ஒட்டுற வேலை எப்படி நடக்குது? இயற்கையா நடக்கும்போது முட்டையும் விந்தணுவும் கருக்குழாய்லதான் சந்திக்கும். ஒரு செல் ரெண்டாகி, நாலாகி, எட்டாகி, உருண்டுக்கிட்டே நாலாவது நாள் வாக்குல கருப்பைக்கு வந்து சேரும். அஞ்சாவது நாள் அதுக்குப் பேர் பிளாஸ்டோசிஸ்ட். உள்ள ஒரு சின்னக் கொத்து செல்கள், அதுதான் பின்னாடி குழந்தை. வெளியே ஒரு வரிசை செல்கள், அதுதான் நஞ்சுக்கொடியாகப் போற பார்ட்டி. சுத்தி ஒரு ஓடு. கோழிக்குஞ்சு மாதிரி அந்த ஓட்டைப் பிளந்துக்கிட்டு வெளியே வந்தாத்தான் ஒட்டவே முடியும்.

அடுத்து நடக்கிறது நம்ம டவுன் பஸ் சீன். ஓடுற பஸ்ல தொத்துறவன் முதல்ல கம்பியை லேசா தொடுவான், ரெண்டடி கூடவே ஓடுவான், அப்புறம் கெட்டியாப் பிடிச்சுப்பான் இல்லையா? கருவும் அப்படித்தான். ரத்தத்துல ஓடுற வெள்ளை அணுக்கள் நாளச் சுவரைப் பிடிக்கப் பயன்படுத்துற செலக்டின்ங்கிற அதே வகைப் புரதம் கருவோட மேல்செல்கள்லயும் இருக்குன்னு 2003-ல கண்டுபிடிச்சாங்க. ஆனா, பஸ்ஸும் நிறுத்தத்துல நின்னாகணும். புரோஜெஸ்டிரான் ஹார்மோன் கருப்பையோட உள்சுவரைத் தயார் பண்ணி, மாசத்துல சில நாள் மட்டும் கதவைத் திறந்து வைக்கும். 28 நாள் சுழற்சின்னா, சுமாரா 20-லேர்ந்து 24-ம் நாள் வரைக்கும். மத்த நாள்ல வந்தா ‘நோ என்ட்ரி’.

பிடிச்சதும் கரு சுவருக்குள்ளேயே புதைஞ்சுடும். இங்கதான் எனக்கு இன்னும் வியப்பு அடங்கலை. அந்தக் கருவுல பாதி அப்பாவோட மரபணு, அம்மா உடம்புக்கு அது அந்நியம். வேறொருத்தர் கிட்னியைப் பொருத்தினா, உடம்பு தள்ளிடாம இருக்க காலம் பூரா மாத்திரை சாப்பிடணும். இங்கே அம்மாவோட நோய் எதிர்ப்பு செல்களே கருவுக்கு ரத்தம் வர்ற பாதையை அகலப்படுத்திக் கொடுக்குது. இதையா ‘சும்மா கிடக்கிற மண்ணு’ங்கிறாங்க?

சரி, ஒட்டாமப் போனா? 1999-ல அமெரிக்காவுல ஆலன் வில்காக்ஸ் குழு, பெண்களோட சிறுநீரைத் தினம் பரிசோதிச்சு வெளியிட்ட ஆய்வு இருக்கு. ஆறு வாரம் தாண்டின கர்ப்பங்கள்ல 84 சதவிகிதம், முட்டை வெளியான 8, 9, 10-வது நாள்கள்ல பதிஞ்சது. ஒன்பதாம் நாளுக்குள்ள பதிஞ்சதுல 13 சதவிகிதம்தான் சீக்கிரமே கலைஞ்சது. 11-ம் நாளுக்கு அப்புறம் லேட்டா வந்ததுல 82 சதவிகிதம் கலைஞ்சுடுச்சு. இதே குழு 1988-ல சொன்னது இன்னும் முக்கியம். பதிஞ்ச கருக்கள்ல 22 சதவிகிதம், ‘நான் கர்ப்பம்’னு அந்தப் பெண்ணுக்குத் தெரியறதுக்கு முன்னாடியே போயிடுது. ரெண்டு நாள் தள்ளி வந்த பீரியட்ஸ்னு நினைச்சுட்டுக் காலேஜுக்குக் கிளம்பியிருப்பாங்க, அவ்வளவுதான்.

ஆரம்பத்துலயே கலையுற கர்ப்பங்கள்ல சுமார் பாதிக்குக் காரணம், குரோமோசோம் எண்ணிக்கையில நடந்த பிசகு. பஸ்ல குலுங்கினது, ஸ்கூட்டி ஓட்டினது, மாடிப்படி ஏறினது எல்லாம் இந்த லிஸ்ட்லயே இல்லை. கருப்பைங்கிறது காலிப் பானை இல்லீங்க. முன்சுவரும் பின்சுவரும் ஒட்டியே இருக்கும். நடுவுல மில்லிமீட்டர்ல அஞ்சுல ஒரு பங்கு சைஸ்ல இருக்கிற கரு குலுங்கி விழ இடமே இல்லை. டெஸ்ட் டியூப் முறையில கருவை வச்சதுக்கு அப்புறம் படுத்தே கிடந்தாலும் வெற்றி கூடுறதில்லைன்னு ஆய்வுகள் சொல்லிடுச்சு. குழந்தை தள்ளிப்போற தம்பதிகள்ல ஏறக்குறைய பாதிப் பேர்ல ஆண் பக்கமும் காரணம் இருக்கு. ஆனா, மாப்பிள்ளையை விந்தணு டெஸ்ட்டுக்குக் கூப்பிட்டுப் பாருங்க. ‘‘எனக்கென்ன குறை?’’ன்னு ஆரம்பிச்சுடுவார். ரொம்ப சிம்பிளான டெஸ்ட் அது, பாஸ்!

மெடிக்கல் ஷாப் கிட் பத்தி ஒரு விஷயம். பதிஞ்ச கரு ஹெச்.சி.ஜி.ங்கிற ஹார்மோனைச் சுரந்து ‘நான் வந்துட்டேன், பீரியட்ஸை நிறுத்து’ன்னு சேதி அனுப்பும். கிட் பிடிக்கிறது அதைத்தான். நாள் தள்ளிப்போறதுக்கு முன்னாடியே பார்த்தா ஒரு கோடு மட்டும் வரலாம், அதை நம்பாதீங்க. ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாருங்க. ரெண்டு கோடு வந்தா எங்கேயோ ஒட்டியிருக்குன்னுதான் அர்த்தம், எந்த இடத்துலன்னு கிட் சொல்லாது. நூத்துல ஒண்ணு ரெண்டு கர்ப்பம் கருப்பைக்கு வெளியே, பெரும்பாலும் கருக்குழாய்லயே ஒட்டிடும். அது வெடிச்சா உயிருக்கே ஆபத்து. நாள் தள்ளிப்போன உங்க அக்காவோ தோழியோ அடிவயித்துல ஒரு பக்கமா கடுமையா வலிக்குதுன்னோ, மயக்கம் வருதுன்னோ சொன்னா, ‘சூட்டு வலி’ன்னு இளநீர் வாங்கித் தராதீங்க. 108-ஐக் கூப்பிட்டு நேரா ஆஸ்பத்திரிக்குப் போயிடுங்க.